மஞ்சக் கடுதாசி கொடுத்த நகரம்

இந்த மாதப் பாடம்: புதிய ஆள் போடுவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

(குழுக் கூட்டத்தில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்கலாம். பாடம் பெரியது. வேண்டுமானால் இரண்டு கூட்டங்களில் படித்து முடிக்கவும். கடைசியில் உள்ள கேள்விகளைக் கட்டாயம் பேசவும்.)



அடுத்த மாதம் நமது கூட்டமைப்பின் பொதுக்குழு கூடுகிறது. அதில் ஒரு கேள்வி உங்கள் முன்னால் வைக்கப்படும். "குழுக்களுக்குப் போய்க் கணக்கு எழுத உதவ இன்னொரு ஆள் போடலாமா, வேண்டாமா?" என்பதுதான் அது.

போன செயற்குழுவில் இதைப் பேசியபோது சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. "இருக்கிற ஒரு கணக்காளர் 120 குழுவுக்கும் எப்படி ஓடுவாங்க? ஆள் போட்டே ஆகணும்" என்றார்கள் சிலர். "சம்பளம் யார் குடுக்கிறது? நம்ம சந்தா எவ்வளவுன்னு தெரியாதா?" என்றார்கள் சிலர். "பேங்குல மானியப் பணம் சும்மாதானே கிடக்கு, அதுல எடுத்துக் குடுப்போம்" என்று ஒரு யோசனையும் வந்தது. மூன்று பேச்சிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் முடிவு எடுக்க முடியாமல் பொதுக்குழுவுக்கு விட்டிருக்கிறோம்.

ஆள் போடுவதா, காசைக் காப்பாற்றுவதா என்ற இந்தக் கேள்வி நமக்கு மட்டும் வரவில்லை. ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சி எல்லாவற்றிலும் வரவு செலவுத் திட்டம் போடும்போது இதே சண்டைதான். வசதியான நாடு என்று நாம் நினைக்கிற அமெரிக்காவிலும் அப்படித்தான். அங்கே ஒரு நகரம் இந்தக் கணக்கைச் சரியாகப் போடாமல் திவாலே ஆகிவிட்டது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் மஞ்சக் கடுதாசி கொடுத்துவிட்டது. அந்தக் கதையை முதலில் கேட்போம். பிறகு நம் நோட்டுக்கு வருவோம்.

கப்பல் கட்டிய ஊர்

அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் கலிபோர்னியா என்று ஒரு மாநிலம். அங்கே சான் பிரான்சிஸ்கோ என்ற பெரிய நகரத்துக்குப் பக்கத்தில், அதே வளைகுடாவின் கரையில் வலேஹோ என்று ஒரு நகரம் இருக்கிறது. 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே 1,15,942 பேர் இருந்தார்கள். நம் ஊர்க் கணக்கில் ஒரு நடுத்தர நகராட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊருக்குச் சோறு போட்டது கப்பல் கட்டும் தளம். மேர் தீவு என்ற இடத்தில் 1854இல் அமெரிக்கக் கடற்படை அதைத் தொடங்கியது. இரண்டாம் உலகப்போர் காலத்தில் பல்லாயிரம் பேர் அங்கே வேலை பார்த்தார்கள். பெண்களும் வெல்டிங் முதற்கொண்டு எல்லா வேலையும் செய்தார்கள். அப்பா, மகன், பேரன் என்று தலைமுறை தலைமுறையாக அந்தத் தளத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் ஏராளம்.

1996இல் அரசு அந்தத் தளத்தை மூடிவிட்டது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போயிற்று. ஒரு மில்லை நம்பி இருந்த ஊரில் மில்லை மூடினால் டீக்கடை, மளிகைக்கடை, தையல்கடை எல்லாம் எப்படி ஆகும்? அப்படித்தான் ஆனது. நகரசபைக்கு வரும் வருமானத்திலும் அடி விழுந்தது.

பிறகு சில வருடங்கள் நல்ல காலம் போலத் தெரிந்தது. வீட்டு விலை ஏறிக்கொண்டே போனது. புது வீடுகள் எழும்பின. வீட்டு விலை ஏறினால் சொத்து வரி கூடும். புது வீடு கட்டினால் அனுமதிக் கட்டணம் வரும். கடைகளில் வியாபாரம் நடந்தால் விற்பனை வரி வரும். "இனிமேல் இப்படித்தான் வரும்" என்று எல்லோரும் நம்பினார்கள்.

கொடுத்த வாக்கு

நகரசபைக்குப் பெரிய செலவு இரண்டு துறைகளில் இருந்தது. ஒன்று காவல், இன்னொன்று தீயணைப்பு. நம் ஊரில் இவை மாநில அரசின் துறைகள். அங்கே நகரசபையே நடத்த வேண்டும், நகரசபையே சம்பளம் தர வேண்டும்.

அந்தப் பணியாளர்களின் சங்கங்களோடு நகரசபை ஒப்பந்தம் போட்டது. அதில் மூன்று விஷயங்களை நாம் கவனிக்க வேண்டும்.

ஒன்று, சம்பள உயர்வு. வருங்கால வருடங்களுக்கும் சேர்த்து முன்கூட்டியே ஒத்துக்கொண்டார்கள்.

இரண்டு, குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை. தீயணைப்பு நிலையத்தில் எந்த நேரமும் இத்தனை பேர் இருந்தே ஆக வேண்டும் என்று எழுதினார்கள். இது பாதுகாப்புக்கு நல்லதுதான். தீ பிடித்த வீட்டுக்குள் ஒற்றை ஆளாகப் போக முடியாது. ஆனால் ஒருவர் லீவு போட்டால் அந்த இடத்துக்கு இன்னொருவரைக் கூடுதல் நேரக் கூலி கொடுத்துக் கூப்பிட வேண்டும். வரவு குறைந்தாலும் இந்தச் செலவைக் குறைக்க வழியில்லை.

மூன்று, ஓய்வூதியம். வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் சம்பளத்தில் 3 சதவீதம் என்று கணக்கு. 50 வயதிலேயே ஓய்வு பெறலாம். 20 வயதில் சேர்ந்து 30 வருடம் வேலை பார்த்தவருக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் வாழ்நாள் முழுக்கக் கிடைக்கும்.

இதைக் கேட்டதும் "அவ்வளவு எதுக்குக் கேட்டாங்க?" என்று பணியாளர்கள் மேல் கோபப்படாதீர்கள். உயிரைப் பணயம் வைக்கும் வேலை. தன் பிள்ளைகளுக்காக நல்ல கூலி கேட்பது தப்பில்லை. நாம் கேட்க மாட்டோமா? தப்பு எங்கே என்றால், ஏறும் காலத்து வருமானத்தைப் பார்த்து, இறங்கும் காலத்திலும் கொடுத்தே ஆக வேண்டிய வாக்கைக் கொடுத்ததில்தான். ஒரு வருடம் மழை நன்றாகப் பெய்தது என்பதற்காக, வருடா வருடம் பத்து மூட்டை தருகிறேன் என்று எழுதிக் கொடுக்கலாமா?

நாள் ஆக ஆக, நகரசபையின் பொது நிதியில் ஏறக்குறைய முக்கால் பங்கு காவல், தீயணைப்பு ஆகிய இரண்டு துறைகளின் சம்பளத்துக்கும் படிகளுக்குமே போனது. சாலை, பூங்கா, நூலகம், முதியோர் மையம் எல்லாவற்றுக்கும் மிச்சமிருந்த கால் பங்கில்தான் பார்க்க வேண்டும்.

விழுந்த நாள்

2007இல் அமெரிக்கா முழுவதும் வீட்டு விலை சரியத் தொடங்கியது. கடன் வாங்கி வீடு வாங்கியவர்களால் தவணை கட்ட முடியவில்லை. வங்கிகள் வீடுகளை எடுத்துக்கொண்டன. வலேஹோவில் இந்த அடி பலமாக விழுந்தது. வரி வருமானம் இறங்கியது. கொடுத்த வாக்கு மட்டும் இறங்கவில்லை.

நிலைமை மோசம் என்று தெரிந்ததும் காவலர்களிலும் தீயணைப்பு வீரர்களிலும் பலர் அவசரமாக ஓய்வு வாங்கினார்கள். அவர்களுக்குச் சேர்ந்திருந்த விடுப்புப் பணத்தை ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டி வந்தது. பட்ட காலிலே படும் என்பது இதுதான்.

அடுத்த ஆண்டு வரவு செலவைப் போட்டுப் பார்த்தார்கள். 16 மில்லியன் டாலர் துண்டு விழுந்தது. அன்றைய மதிப்பில் 60 கோடி ரூபாய்க்கு மேல். சங்கங்களோடு பேச்சுவார்த்தை நடந்தது. உடன்பாடு வரவில்லை. 2008 மே 6ஆம் தேதி இரவு நகரசபை கூடியது. ஏழு உறுப்பினர்கள். ஏழு பேரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: திவால் மனு போடுவது என்று. அந்த மாதம் 23ஆம் தேதி மனு நீதிமன்றத்துக்குப் போனது. "நகரத்திடம் பணம் இருக்கிறது, பொய் சொல்கிறார்கள்" என்று சங்கங்கள் வாதாடின. செப்டம்பரில் நீதிமன்றம், நகரத்தால் உண்மையிலேயே கட்ட முடியாது என்று ஏற்றுக்கொண்டது.

திவால் ஆனால் கடன் தள்ளுபடி ஆகும், நிம்மதி என்று நினைக்கிறீர்களா? அதற்கப்புறம்தான் கஷ்டமே.

காவலர் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. தீயணைப்பு நிலையங்கள் சிலவற்றை மூடினார்கள். சாலைக் குழிகளை மூட ஆளில்லை. நூலகத்துக்கும் முதியோர் மையத்துக்கும் கொடுத்துவந்த பணத்தைக் குறைத்தார்கள். ஓய்வு பெற்றவர்களின் மருத்துவக் காப்பீட்டுக்கு நகரம் கட்டிவந்த தொகையையும் வெட்டினார்கள். இதற்கிடையில் வழக்கறிஞர் செலவே பல கோடி ரூபாய் ஆனது. 2011 நவம்பரில்தான் திவால் நிலையிலிருந்து வெளியே வந்தார்கள். மூன்றரை வருடம்!

சகோதரிகளே, இங்கே ஒரு நிமிடம் நிறுத்திப் பேசுங்கள். நிலையம் மூடினால் யார் அதிகம் பாதிக்கப்படுவார்கள்? காசு உள்ளவர் காவலுக்குத் தனியாக ஆள் போட்டுக்கொள்வார், புத்தகத்தை விலைக்கு வாங்குவார். இல்லாதவர்தான் நகரசபையை நம்பி இருப்பவர். ஆக, அளவுக்கு மீறி வாக்குக் கொடுத்தவர்கள் மேலே இருந்தார்கள். அதன் பலனை அனுபவித்தவர்கள் கீழே இருந்தார்கள்.

மக்களைக் கேட்டார்கள்

இனி வருவது இந்தக் கதையின் நல்ல பகுதி.

2011 நவம்பரில் நகரசபை மக்களிடம் நேராகவே கேட்டது: "விற்பனை வரியை 1 சதவீதம் கூட்டட்டுமா? பத்து வருடத்துக்கு மட்டும்." வாக்கெடுப்பு நடந்தது. கொஞ்ச வாக்கு வித்தியாசத்தில் மக்கள் சரி என்றார்கள். அதாவது, 100 டாலருக்குப் பொருள் வாங்கினால் 1 டாலர் கூடுதலாகத் தருகிறோம் என்று தாங்களே ஒத்துக்கொண்டார்கள்.

அதோடு விடவில்லை. "வரி தருகிறோம். ஆனால் அதை எதற்குச் செலவு செய்வது என்று நாங்களும் சொல்ல வேண்டும்" என்ற பேச்சு எழுந்தது. 2012இல் நகரசபையில் இதற்கு வாக்கெடுப்பு நடந்தது. 4 பேர் ஆதரவு, 3 பேர் எதிர்ப்பு. ஒரே ஒரு ஓட்டில் நிறைவேறியது. புது வரியில் கிடைக்கும் பணத்தில் 30 சதவீதத்தை எதற்குச் செலவழிப்பது என்பதை மக்களே வாக்களித்துச் சொல்லலாம் என்று முடிவானது. முதல் சுற்றுக்கு ஒதுக்கியது 3.2 மில்லியன் டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 17 கோடி ரூபாய்.

தெருவிளக்கு, சாலைக் குழி, பூங்கா, சமூகத் தோட்டம், பிள்ளைகள் படிப்பு என்று மக்களே திட்டங்களை எழுதினார்கள். 2013இல் வாக்களித்தார்கள். 16 வயது நிறைந்த எவரும் வாக்களிக்கலாம். இப்படி மக்களே பட்ஜெட் போடும் முறையை 1989இல் பிரேசில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரே நகரம் தொடங்கி வைத்தது. அமெரிக்காவில் ஒரு முழு நகரத்துக்கும் இதைக் கொண்டுவந்த முதல் ஊர் வலேஹோதான். மஞ்சக் கடுதாசி கொடுத்த ஊர், மக்களைக் கேட்ட ஊராக ஆனது.

அப்படியானால் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. ஒருமுறை ஆளைக் குறைத்தால் திரும்பச் சேர்ப்பது எளிதல்ல. அனுபவம் உள்ளவர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். மனு போட்டு 15 வருடம் கழித்து, 2023 ஜூலையில், போதுமான காவலர்கள் இல்லை என்பதற்காகவே வலேஹோ நகரசபை அவசர நிலை அறிவிக்க வேண்டி வந்தது. இதை மறந்துவிடாதீர்கள். ஆளைக் கூட்டுவதிலும் ஆபத்து உண்டு, குறைப்பதிலும் ஆபத்து உண்டு.

நாம் கற்க வேண்டிய நான்கு பாடங்கள்

1. பணியிடம் என்பது ஒருநாள் செலவு அல்ல. பீரோ வாங்கினால் ஒருமுறை காசு கொடுத்தால் முடிந்தது. ஆள் போட்டால் மாதா மாதம் கொடுக்க வேண்டும். வருடம் ஆக ஆகக் கூட்டியும் கொடுக்க வேண்டும். அது ஒரு வாக்கு.

2. மாதா மாதம் போகிற செலவுக்கு மாதா மாதம் வருகிற வரவு வேண்டும். ஒருமுறை வந்த பணத்தை ஒருமுறைச் செலவுக்குத்தான் வைக்க வேண்டும். விதைநெல்லை எடுத்துத் தினமும் சோறு பொங்கினால் அடுத்த போகத்துக்கு என்ன செய்வோம்?

3. ஆள் போடாமல் இருப்பதும் ஒரு செலவுதான். அது நம் நோட்டில் ஏறாது, யாரோ ஒருவர் தலையில் ஏறும். அது யார் தலை என்று பார்க்க வேண்டும்.

4. வரவு போதவில்லை என்றால், பயன் பெறுகிறவர்களிடம் வெளிப்படையாகக் கேட்க வேண்டும். மறைத்து வாக்குக் கொடுப்பதும் தப்பு, சொல்லாமல் வெட்டுவதும் தப்பு.

நம் ஊராட்சியிலும் இதே கணக்கு

நம் ஊராட்சியில் புதிய குப்பை வண்டி வந்து நிற்கும். ஓட்ட ஆள் இருக்காது. தண்ணீர்த் தொட்டி கட்டி முடித்திருப்பார்கள். திறந்துவிட ஆள் போதாது. "வண்டி வாங்கக் காசு இருக்கு, ஆளுக்குக் காசு இல்லையா?" என்று நாம் கோபப்படுவோம். காரணம் இருக்கிறது. மத்திய அரசின் 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு ஊராட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தைச் சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் எடுக்கக் கூடாது என்பது விதி. ஆளுக்குச் சம்பளம் வேறு வரவிலிருந்து வர வேண்டும். வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம் போன்ற சொந்த வருமானமும், மாநில அரசு பகிர்ந்து தரும் நிதியும்தான் அந்த வரவு.

தமிழ்நாட்டில் 2022 முதல் வருடத்தில் ஆறு நாட்கள் கிராம சபை என்று அறிவித்திருக்கிறார்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கிராம சபைக்குப் போகும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். நம் ஊராட்சியின் சொந்த வரவு எவ்வளவு? அதில் சம்பளத்துக்குப் போவது எவ்வளவு? எந்த வேலைக்கு ஆள் குறைகிறது? கோபமாகக் கேட்க வேண்டாம். கணக்காகக் கேட்டால் போதும், பதில் வரும்.

இனி நம் நோட்டைத் திறப்போம்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நம் கூட்டமைப்பின் கணக்கை அளந்து பார்ப்போம். கரும்பலகை இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

வருட வரவு:
120 குழுக்கள், மாதச் சந்தா குழுவுக்கு 100 ரூபாய். வருடத்துக்கு 1,44,000 ரூபாய்.

வருடச் செலவு:
கணக்காளர் மதிப்பூதியம், மாதம் 7,000 வீதம் 84,000 ரூபாய்.
அலுவலக வாடகை, மாதம் 1,500 வீதம் 18,000 ரூபாய்.
கூட்டம், பதிவேடு, தணிக்கை 20,000 ரூபாய்.
மொத்தம் 1,22,000 ரூபாய்.

மிச்சம் 22,000 ரூபாய்.

புதிய ஆளுக்கு மதிப்பூதியம் மாதம் 5,000, பஸ் செலவு 500. வருடத்துக்கு 66,000 ரூபாய். மிச்சத்தைக் கழித்தால் 44,000 ரூபாய் துண்டு விழும்.

"மானியப் பணம் 1,50,000 இருக்குல்ல?" என்று கேட்டார்கள் அல்லவா? சரி, அதில் எடுத்தால் என்ன ஆகும்? முதல் வருடம் 44,000. இரண்டாம் வருடம் அவருக்கு மாதம் 500 கூட்டித் தர வேண்டாமா? தந்தால் துண்டு 50,000. மூன்றாம் வருடம் இன்னும் 500 கூட்டினால் துண்டு 56,000. மூன்றையும் கூட்டுங்கள். சரியாக 1,50,000! வங்கி வட்டியைச் சேர்த்தால் இன்னும் சில மாதம் ஓடும், அவ்வளவுதான். நாலாம் வருடம் பணமும் இல்லை, ஆளும் இல்லை. வேலைக்கு வந்த பெண்ணை "நாளையிலிருந்து வராதே" என்று அனுப்ப வேண்டி வரும். அவரும் நம் குழுப் பெண்தானே.

அப்படியானால் ஆளே வேண்டாமா? அவசரப்படாதீர்கள். இன்னொரு கணக்கு இருக்கிறது.

இப்போது 20 குழுக்களில் ஆறு மாதமாகப் பதிவேடு எழுதி முடிக்கப்படவில்லை. பதிவேடு இல்லாமல் வங்கியில் தர ஆய்வு நடக்காது. தர ஆய்வு இல்லாமல் கடன் இணைப்புக் கிடைக்காது. வங்கிக் கடன் வராத வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவும் பள்ளிக்கூடச் செலவும் நிற்குமா? வெளியே அஞ்சு வட்டிக்கு வாங்குகிறார்கள். ஒரு குழுவுக்கு ஐந்து பேர், ஆளுக்கு 10,000 ரூபாய் என்று தோராயமாக வைப்போம். அஞ்சு வட்டியில் மாதம் 500 ரூபாய். வங்கியில் ஒரு வட்டி என்றால் 100 ரூபாய். வித்தியாசம் 400. இப்படி 100 பெண்கள். மாதம் 40,000 ரூபாய்!

பார்த்தீர்களா? மாதம் 5,500 ரூபாயை மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, நம் பெண்கள் மாதம் 40,000 ரூபாயைக் கந்துவட்டிக்காரர்களுக்குக் கட்ட விடுகிறோம். நம் நோட்டில் ஏறாத செலவு என்று சொன்னது இதைத்தான். இந்தக் கணக்கு தோராயம்தான். அந்த 20 குழுக்களில் கேட்டு உண்மைத் தொகையைப் போட்டுப் பார்க்க வேண்டும். பாதியே ஆனாலும் பெரிய தொகைதான்.

மூன்று வழிகள்

வழி 1: ஆள் போட வேண்டாம். இருக்கிற கணக்காளரை வைத்தே சமாளிப்பது. துண்டு விழாது. ஆனால் 20 குழுக்களின் நிலை மாறாது. ஒற்றை ஆளாக ஓடும் கணக்காளரும் எத்தனை நாள் தாங்குவார்?

வழி 2: நிரந்தரமாக ஆள் போடுவது, அதற்கு உறுப்பினர்களே தருவது. குழுவுக்குச் சராசரி 15 பேர் என்றால் மொத்தம் 1,800 பேர். ஆளுக்கு மாதம் 2 ரூபாய் தந்தால் வருடம் 43,200. முதல் வருடத்துக்கே 800 ரூபாய் குறைகிறது. இரண்டாம் வருடம் இன்னும் இடிக்கும். 3 ரூபாய் தந்தால் 64,800. மூன்றாம் வருடத் துண்டான 56,000ஐயும் தாங்கும். மிஞ்சுவதைக் கஷ்ட காலத்துக்கென்று தனியாகச் சேர்க்கலாம். வலேஹோ மக்கள் தாங்களே ஒத்துக்கொண்ட 1 சதவீதம் போலத்தான் இதுவும். ஆனால் கூலி வேலை கிடைக்காத மாதத்தில் 3 ரூபாயும் பாரம்தான் என்பதையும் யோசிக்க வேண்டும்.

வழி 3: ஆறு மாதத்துக்கு மட்டும் ஆள் போடுவது. பாக்கி நிற்கும் கணக்கை எழுதி முடிப்பது ஒருமுறை வேலை. ஒருமுறை வேலைக்கு ஒருமுறை வந்த மானியத்தைத் தொடலாம். 33,000 ரூபாய் ஆகும். அந்த ஆறு மாதத்தில் ஒவ்வொரு குழுவிலும் ஓர் உறுப்பினர் கணக்கு எழுதப் பழக வேண்டும். பழகாவிட்டால் ஏழாம் மாதம் பழைய கதைதான். வேலைக்கு வருகிறவரிடம் "ஆறு மாதம் மட்டும்" என்று முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஆசை காட்டி அலைய விடக் கூடாது.

எது சரி என்று இந்தப் பாடம் சொல்லப் போவதில்லை. வலேஹோவில் மக்களைக் கேட்காமல் போட்ட கணக்கு நகரத்தைக் கவிழ்த்தது. கேட்டுப் போட்ட கணக்குதான் கொஞ்சமாவது தூக்கிவிட்டது. அதனால் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

குழுவில் பேச வேண்டிய கேள்விகள்

1. நம் குழுவின் பதிவேடு இன்றைய தேதி வரை எழுதப்பட்டிருக்கிறதா? இல்லையென்றால் எத்தனை மாதம் பாக்கி?

2. கடந்த ஆறு மாதத்தில் நம் உறுப்பினர்களில் எத்தனை பேர் வெளியே வட்டிக்கு வாங்கினார்கள்? என்ன வட்டி? (பெயர் எழுத வேண்டாம். எண்ணிக்கையும் தொகையும் போதும்.)

3. மாதம் 3 ரூபாய் கூடுதலாகத் தர எல்லோராலும் முடியுமா? முடியாத ஒருவர் இருந்தால் குழு என்ன செய்யும்?

4. நம் குழுவில் கணக்கு எழுதப் பழக விருப்பமுள்ளவர் யார்? எட்டாவது படித்தவர் போதும். பத்தாவது படித்த மகளோ மருமகளோ கூட உதவலாம்.

5. மூன்று வழிகளில் நம் குழு சொல்வது எது? ஏன்?

எல்லோரும் பேசிய பிறகு முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கைநாட்டு வைப்பவர்களையும் ஒரு வார்த்தை பேச வைத்துவிட்டே கைநாட்டு வாங்குங்கள். ஊக்குநரும் பிரதிநிதிகளும் அந்தத் தீர்மானத்தோடு பொதுக்குழுவுக்கு வரவேண்டும். சும்மா கை தூக்க மட்டும் வரக் கூடாது.

3 ரூபாய் சின்னத் தொகைதான். ஆனால் கூட்டமைப்பு சார்பில் நாம் கொடுக்கிற வாக்கு பெரியது. அளந்து கொடுப்போம், கொடுத்ததைக் காப்பாற்றுவோம்.

பொதுக்குழுவில் சந்திப்போம்.